அப்பா சொன்ன பாட்டு

கோவமெல்லாம் இல்ல தம்பி. என்னை வாயில்லாப் பூச்சியா எழுதிட்டாளேன்னுதானே கேக்கறீங்க? எம்பொண்ணு இங்கிலீஷ்ல ஒரு நாவல் எழுதியிருக்கா, அதுல அம்மா துணி தேய்ச்சுக்கிட்டே இருக்கா. நான் தேய்ச்சது நிஜந்தானே? வெளிநாட்டு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல படுக்கை விரிப்பு. ரெண்டு பேரு ரெண்டு முனையைப் புடிச்சு இஸ்திரி மெஷினோட சூட்டு உருளைக்குள்ள விடணும். எதிர்ல நிக்கிறவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. வாய்க்கு அங்க என்ன வேலை? வீட்டுக்கு வந்தா பேசறதுக்குத் தெம்பு இருக்காது. புள்ள பாத்ததை எழுதியிருக்கு.

ஒரு விமர்சகர் நாலு பக்கம் எழுதியிருந்தாரு, புலம்பெயர்ந்த பெண்ணின் மௌனம்னு. படிச்சுட்டு, யாரோ பாவம்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆமா, நான் எம்.ஏ. தமிழ்தான். முதல்ல அதையும் எழுதித்தான் இருந்தா. எம்.ஏ. படிச்சவ எதுக்கு விரிப்பு தேய்க்கிறா, வாசகர் நம்ப மாட்டாங்கன்னு பதிப்பகத்துல சொன்னாங்களாம். எடுத்துட்டா. எனக்கே சில நாள் நம்பிக்கை வர்றதில்ல, விடுங்க.

நீங்க வந்தது அந்தப் பாட்டுக்காக. நாவல்ல தொட்டில் பக்கத்துல உக்காந்து அப்பா சொல்ற பாட்டு. அதுக்கு மூலம் தமிழ்ல இருக்குமேன்னு தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. நீங்க எப்படி மொழிபெயர்த்திருக்கீங்க, படிங்க.

ம்... ஜன்னலை மூடிவிடாதே மகளே, சாலைமரத்தின் காற்று பாதிதான் வாசித்திருக்கிறது. அர்த்தம் சரி. காதுல நிக்க மாட்டேங்குதே தம்பி. எழுதிக்கோங்க, சொல்றேன்.

சன்னலைச் சாத்தாதே கண்ணே,
சாலைமரக் காத்து சரிபாதிதான் படிச்சிருக்கு,
சத்தமில்லாமக் கேளு, அது உன் கதை.

ஆமா, மூணாவது வரி இங்கிலீஷ்ல கிடையாது. அதுக்குள்ள அவ தூங்கிப் போயிருவா.

என்னது, அவ அப்பா பெரிய கவிஞரா? ஐயோ, முன்னுரையெல்லாம் வேண்டாம். ஃபோட்டோவும் இல்ல. இல்லன்னா நிஜமாவே இல்ல தம்பி. அவரு ஊருக்கா? எதுக்கு? கூடப் படிச்சவங்களைப் பாத்து என்ன கேக்கப் போறீங்க? மிச்சக் கவிதையையா?

உக்காருங்க. கொஞ்சம் உக்காருங்க.

நீங்க போனா அவரே வந்து கதவைத் திறப்பாரு. நாவல்லதான் செத்துப் போறாரு. புள்ளைகிட்ட நான் அப்படித்தான் சொல்லி வச்சேன். அங்க அவருக்கு வேற வீடு, வேற புள்ளைங்க. கவிதையா, எந்தக் கவிதைன்னு உங்களையே திருப்பிக் கேப்பாரு. நீங்க அதையும் ஒரு கட்டுரையா எழுதிருவீங்க.

எங்கப்பா எப்படிப் பேசுவாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கும் புள்ள. நான் என்னத்தைச் சொல்ல? விரிப்பு உள்ள போயி வெளிய வர்றதுக்குள்ள என் மனசுல ஒரு வரி தேறும். வீட்டுக்கு வந்து, அப்பா உனக்குச் சொன்னதுன்னு சொல்லுவேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா சொன்னதுன்னு சொல்லியிருந்தா அந்தச் சிரிப்பு வந்திருக்குமா, தெரியல.

அவரு தொட்டிலைப் பாத்ததே இல்ல தம்பி. இவ வயித்துல இருக்கறப்பவே போயிட்டாரு.

முதல் பக்கத்துல என் அப்பாவுக்குன்னு சமர்ப்பணம் போட்டிருக்கா, பாத்தீங்கல்ல? தமிழ்லயும் அப்படியே இருக்கட்டும்.