சூரியனுக்கு இறந்த தேதி போட்ட விவகாரம்

எவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்தே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். வயது அறுபத்தொன்று. தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. குடியிருப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடி. உறவிலும் தெருவிலும் எனக்குச் சித்தப்பா என்றே பெயர்.

புகார் கொடுத்தவர் என் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இணையத்தில் எங்கள் வம்சமரத்தைத் தொடங்கி, ஆறு வருடத்தில் கொள்ளுத்தாத்தா வரை ஏறினார். அதற்கு மேல் ஏணி எட்டவில்லை. சென்ற மாதம் பழைய படங்களை ஏற்றச் சொல்லிக் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தார். குரங்கு கையில் பூமாலை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் கடல் அரசன், அவனுக்கு மேல் ஏழு தலை நாகம், உச்சியில் சூரியன் என இருபத்திரண்டு பேரைச் சேர்த்தேன். இறந்த தேதி இல்லாதவர் உயிரோடிருப்பவர், அவர் சம்மதம் வேண்டும் என்று தளம் அடம்பிடித்ததால், சூரியன் முந்தைய நாள் மாலை ஆறேகாலுக்கு மேற்கில் காலமானதாகப் பதிந்தேன். கடைசியாக அப்பாவின் பெயருக்குக் கீழே எங்களுக்கு ஒரு தங்கையையும், சம்மதம் பின்னால் வாங்குவதாகக் குறித்து, சேர்த்தேன்.

அதன் பிறகு முன்பின் தெரியாத குடும்பங்கள் எல்லாம் எங்கள் சூரியனைத் தங்கள் மரத்தில் ஒட்டிக்கொண்டன. நீக்கப் போனால், இவருக்கு ஆறாயிரத்து நானூறு வாரிசுகள், அனைவரிடமும் அனுமதி பெறவும் என்று வருகிறது. நான்கு நாள் மல்லுக்கட்டினேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை இருபது நிமிடத்தில் இறக்கிவிடுவேன். இந்தச் சூரியன் இறங்க மாட்டேன் என்கிறது.

இன்று காலை இந்தக் காவல் நிலையத்தில் எழுத்தர் ஐயா, "சூரியன் அப்பா வழியா, அம்மா வழியா?" என்று கேட்டார். "அப்பா வழிங்க. அம்மா வழியில எல்லாரும் குளிர்ச்சியானவங்க" என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய், "டேய், சூரியன், பாம்பெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பொண்ண மட்டும் எடுத்துடு. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

"ஏண்ணே, இத்தனை பொய்யில அது ஒண்ணுதான் உறுத்துதா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவளை நீக்க எவர் அனுமதியும் தேவையில்லை. ஒரு பொத்தான் போதும். நான் அழுத்தவில்லை. காரணம், நேற்று அந்தத் தளம் வழியாக அவளிடமிருந்தே வந்த செய்தி: "அண்ணா, இதுல என் பேரு இருக்கு. தெரிஞ்சுதான் போட்டீங்களா?" இன்னும் பதில் எழுதவில்லை.

அப்பா இறந்த அன்று வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனவள் இவள். அண்ணனும் பார்த்தார், நானும் பார்த்தேன். இருபத்தேழு வருடமாக இருவரும் அதைப் பேசியதில்லை. பெயரை அப்பாவின் பெட்டியில் இருந்த கடித உறையிலிருந்து எடுத்தேன். தனியாகச் சேர்த்தால் கண்ணில் குத்துமே என்று பயந்துதான் மேலே அத்தனை பேரை நிறுத்தினேன்.

எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். சூரியன், நாகம், கடல் அரசன் உள்ளிட்ட இருபத்திரண்டு பேரும் முழுப் பொய் என்றும், தங்கை ஒருத்தி மட்டும் உண்மை என்றும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.