ஒரு சாக்கெட்டுக்கு ஒரு கருவி

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், காகிதங்கள் பறக்கின்றன. நன்றி.

உங்கள் அறிக்கையின் வரைவைப் படித்தேன். மூன்று பேர் உட்கார்ந்து, மூன்று வாரம் விசாரித்து, 'நெட்வொர்க்கில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, அனுமதியில்லாத பெட்டியைச் செருகியதற்காக இதய வார்டின் தலைமைச் செவிலியர் மீது நடவடிக்கை. அவர் என் உடன்பிறந்த அக்கா. ஆனாலும் அதைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. முதல் வரியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கோளாறு எதுவும் நடக்கவில்லை. அன்று காலை நான் அமைத்தது அமைத்தபடியே வேலை செய்தது.

எளிமையாகச் சொல்கிறேன். இந்த மருத்துவமனைச் சுவர்களில் ஆயிரத்து இருநூறு நெட்வொர்க் சாக்கெட்டுகள் இருக்கின்றன. கணினி, பிரின்டர், தொலைபேசி எல்லாம் ஓடுவது இவற்றில்தான். நான் வருவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அவற்றில் செருகலாம். ஒருவன் காத்திருப்போர் கூடத்தில் லேப்டாப்பைச் செருகி சினிமா இறக்கிக்கொண்டிருந்தான். நான் வந்த பிறகு, செருகிய கருவி முதலில் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். கீழ்த்தளத்திலுள்ள என் சர்வர் அதைச் சரிபார்த்துத் தலையாட்டினால்தான் சாக்கெட் திறக்கும். சான்றிதழ் காட்டத் தெரியாத பழைய கருவிகளுக்கு விலக்கு உண்டு. படிவம் எழுதி மூன்று கையெழுத்து வாங்கிவந்தால் நானே சேர்த்துக்கொள்வேன். இதில் என்ன கொடுமை இருக்கிறது?

இந்த வேலைக்கு என்னைக் கூட்டிவந்ததே அக்காதான். அதனாலேயே என் விதிகள் தனக்குப் பொருந்தாது என்று நினைத்தாள். கிடங்காகக் கிடந்த கண்ணாடி அறையில் நான்காம் படுக்கையைப் போட்டபோது அங்கே புதிய சாக்கெட் கேட்டாள். படிவத்தைக் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினாள்.

"ஏண்டா, மூச்சு முட்டுற மனுஷன் உன் மிஷின்கிட்ட அடையாள அட்டை காட்டிட்டுத்தான் மூச்சு விடணுமா?"

வார்டே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'பூட்டு' என்று பெயர். நான் நடைபாதையில் வந்தால் போதும், "பூட்டு சார் வர்றாரு, பையைத் திறந்து காட்டுங்க" என்பார்கள். கூடப் பிறந்தவள் சிரித்தால் ஊரே சிரிக்கும். வலித்தது. மறைக்கவில்லை.

பிறகு அவள் ஒரு சாக்கெட்டைப் பலவாக்கும் சின்னப் பிரிப்புப் பெட்டியை வாங்கிவந்து செவிலியர் மேசை சாக்கெட்டில் மாட்டினாள். மேசையில் இருந்ததையெல்லாம் அதில் செருகினாள். நான்காம் படுக்கை மானிட்டரின் ஒயரும் கதவுக்கு அடியில் நுழைந்து அங்கேயே வந்து சேர்ந்தது. பிரின்டரிடம் மட்டும் முறையான சான்றிதழ் இருந்தது. மற்றவை அதன் முதுகுக்குப் பின்னால் ஓசியில் சவாரி செய்தன. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒரு சாக்கெட்டுக்கு ஒரு கருவி என்ற விதியைக் கொண்டுவந்தேன். இரண்டாவது ஒன்று தலைகாட்டினால் சாக்கெட்டே மூடிக்கொள்ளும், அதில் மாட்டிய எதற்கும் இணைப்பு இருக்காது.

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதி என்னைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். வேண்டாம். புதிய விதியைப் பூட்டுவதற்கு முன் இரண்டு வாரம் அதைச் சும்மா வேடிக்கை பார்க்க விடுவது எங்கள் தொழில் வழக்கம். அது எதையும் தடுக்காது. பூட்டியிருந்தால் எதையெல்லாம் தடுத்திருக்கும் என்று பட்டியல் மட்டும் எழுதும். அந்த இடங்களுக்கெல்லாம் போய்ச் சரிசெய்து, பட்டியல் காலியான பிறகுதான் பூட்டுவோம். முப்பத்தோரு சாக்கெட்டுகளை அப்படியே சரிசெய்தேன். முப்பத்திரண்டாவது அக்காவுடையது.

அங்கேயும் போனேன். கண்ணாடி அறையில் ஒரு பேருந்து ஓட்டுநர் மார்பு நிறைய ஒயர்களோடு படுத்திருந்தார்.

"தம்பி, இதெல்லாம் எங்க போய்ச் சேருது?"

"மேசைத் திரைக்குங்க."

"அப்போ நான் தூங்கினாலும் யாராச்சும் பாத்துக்கிட்டிருப்பாங்க" என்று சிரித்தார்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை பட்டியலை இன்னொரு முறை வரிவரியாகப் படித்தேன். பதினொன்று பத்துக்குப் பூட்டினேன். அடுத்த நிமிடமே அக்காவின் சாக்கெட் மூடிக்கொண்டது. அவளுடைய திரை பழைய ரகம், இணைப்பு போனால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் அதைப் பழுதுபார்த்தவன் நான், எனக்குத் தெரியும். எழுபத்தெட்டு என்று நின்றது. பதினொன்று இருபதுக்கு ஓட்டுநரின் இதயம் தடுமாறத் தொடங்கியதாக அறையிலிருந்த மானிட்டர் பதிவுசெய்திருக்கிறது. அவர் தூங்கட்டும் என்று அறைக்குள் ஒலியைக் குறைத்து வைத்திருந்தார்கள், எச்சரிக்கை மேசைக்குத்தான் வர வேண்டும். மாத்திரையோடு ஒரு செவிலியர் கதவைத் திறந்தபோது பதினொன்று ஐம்பது. அப்போதும் திரையில் எழுபத்தெட்டுதான். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர்.

என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோளாறு என்று எழுதினால் போட மாட்டேன். ஆயிரத்து இருநூறு சாக்கெட்டுகளும் அன்று சொன்ன சொல் கேட்டன. இந்தக் கட்டடத்தில் வேறு யாராவது தன் வேலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பது நிமிடமும் இருக்கையை விட்டு எழவில்லை. பிரின்டர் நின்றதும் அக்கா கூப்பிடுவாள் என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "தம்பி, திறந்து விடுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நொடியே திறந்திருப்பேன். அவள் கூப்பிடவில்லை. ஒரு உயிரைவிட அவளுக்குத் தன் வீம்பு பெரிதாகிவிட்டது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இதோ அந்தப் பட்டியல், கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் அக்காவின் சாக்கெட்டுக்குக் கீழே நான்கு வரிகள் இருக்கும். பிரின்டர், மேசைத் திரை, நான்காம் படுக்கை மானிட்டர், மேசைத் தொலைபேசி. நான்குக்கும் நேராகப் பென்சிலில் டிக் இருக்கும். படித்த வரிக்கு டிக் போடுவது என் பழக்கம்.