அரை அங்குல லேபிள்

— தொடாதீங்கண்ணே. இன்னும் பாதிதான் உரிஞ்சிருக்கு.

— பாப்பா, உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? வாசல்ல வேன் நிக்குது. நாலு மணிக்குக் கண்காட்சி திறப்பு. என் போஸ்டருக்குக் கீழ வைக்க ஒரு பழைய பழ டப்பா வேணும்னாங்க. ஊரெல்லாம் தேடி, கடைசியில உன் பரண் மேல கிடைச்சுது. அதைப் போய்ச் சுடுதண்ணியில முக்கி வெச்சிருக்கியே.

— துரு ஏறியிருந்துது, துடைக்கலாம்னு எடுத்தேன். லேபிள் ஓரம் தூக்குச்சு. அடியில வேற கலர். கண்ணாடியை மாட்டிக்கிட்டு நல்லாப் பாருங்க.

— என்னமோ காகிதம். அந்தக் காலத்துல பசை பிடிக்கிறதுக்காக அடியில பழைய பேப்பர் ஒட்டுவாங்க.

— பழைய பேப்பர்ல அன்னாசிப் படம் போட்டு, வெளிநாட்டுக் கம்பெனி பேரும் அச்சடிச்சிருக்குமா? மேல நீங்க எழுதினது, “அன்னியன் பழம் நம் அடுக்களையில் எதற்கு?” அடியில அன்னியன் பழமேதான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். முழு அன்னாசியைக் காகிதத்துல மறைச்சது நீங்கதான்.

— மெதுவாப் பேசு. டிரைவர் காதுல விழும்.

— விழட்டும். அந்தப் போஸ்டர்ல கரண்டியும் கையுமா சிரிக்கிறது யாரு? நான். என் மூஞ்சியைப் பார்த்துத்தான் பொம்பளைங்க உள்ளூர்ப் பழம்னு நம்பி வரிசையில நின்னு வாங்கினாங்க. வெளிநாட்டு டப்பா வெச்சிருந்த கடையெல்லாம் கல்லடி பட்டுச்சு. ரெண்டும் ஒரே பழம்தானா?

— கம்பெனி செஞ்ச கூத்துக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் பிரஷ் பிடிக்கிறவன். படம் கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன்.

— அப்ப உங்களுக்கு எதுவுமே தெரியாது.

— சத்தியமாத் தெரியாது.

— சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மத்த டப்பாவுல லேபிளுக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் தகரம் தெரியும். உங்களுது மட்டும் விளிம்பு வரைக்கும் போகுது. அளவு குறிச்சது நீங்கதானே?

— கொஞ்சம் தண்ணி குடு.

— குடிச்சுட்டுச் சொல்லுங்க.

— அரை அங்குலம் கூட வெச்சு வரையச் சொன்னாங்க. நான் ஏன்னு கேக்கலை. அப்புறம் ஒருநாள் கிடங்குக்குப் போனேன். நாலு பேர் உக்காந்து, வெளிநாட்டு லேபிள் ஒட்டின டப்பா மேலயே திரும்பப் பசை தடவிக்கிட்டு இருந்தாங்க. புரிஞ்சுது. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, பாப்பா. வாயைப் பொத்திக்கிட்டேன்.

— என் வீட்டுக்காரர் பொத்திக்கலையே. கடைக்குள்ள மழைத்தண்ணி புகுந்து டப்பாவெல்லாம் நனைஞ்ச அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டார். நாளைக்குக் கடைவாசல்ல எல்லார் முன்னாடியும் உரிச்சுக் காட்டப் போறேன்னார். அண்ணனுக்குத் தெரியாம இப்படி நடக்குமா, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்கன்னு நான்தான் உங்ககிட்ட அனுப்பினேன். மச்சான் கைவிட மாட்டார்னு நம்பி வந்தார்.

— வந்தார்.

— மறுநாள் கடையைத் திறக்கறதுக்குள்ள கூட்டம் வந்து நின்னுது. வெளிநாட்டு டப்பா விக்கிற துரோகின்னாங்க. நனைஞ்ச டப்பா ஒண்ணுகூட மிச்சமில்லை. விசாரணைன்னு அவரைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. மூணாம் நாள் விட்டுட்டாங்களாம், மனுஷன் வீட்டுப் படியே ஏறலை. இருபத்தாறு வருஷம் ஆச்சுண்ணே. வேற ஊர்ல கடை வெச்சிருக்கார்னு கேள்விப்பட்டு எத்தனை கடுதாசி போட்டிருப்பேன். ஒண்ணைக்கூடப் பிரிக்காம திருப்பி அனுப்பிட்டார்.

— அதை இப்ப எதுக்குக் கிளறற?

— நானும் வேன்ல வரேன். மேடையில நீங்க இந்த டப்பாவைத் தூக்கிக் காட்டி, என் மாப்பிள்ளை சொன்னதுதான் நிஜம்னு சொல்லணும். பேப்பர்ல வரும். அவர் கண்ணுல பட்டா ஒருவேளை வருவார்.

— சொல்றேன். எனக்கும் வயசாச்சு, இனிமே மாலை மரியாதை போனா என்ன? ஆனா அதைப் படிச்சுட்டு மாப்பிள்ளை வருவார்னு மட்டும் நினைக்காதே.

— ஏன் வரமாட்டார்? துரோகின்னு சொன்னது ஊரு. என் மேல என்ன கோபம்? நான் அவருக்கு என்ன செஞ்சேன்?

— விசாரணையில அவர் முன்னாடி ஒரு புகார் மனுவை வெச்சாங்க. கடையில வெளிநாட்டு டப்பாவை ஒளிச்சு வெச்சிருக்கார், பிடிச்சு உள்ள போடுங்கன்னு. அதைப் படிச்ச பிறகு அவர் தன் பக்கத்து நியாயத்தைக்கூடச் சொல்லலையாம்.

— எழுதினது யாரு? நீங்களா?

— எழுதினது நான்தான். அவர் என்கிட்ட வந்த அன்னிக்குச் சாயங்காலம், உன் படத்தை மறுபடி அச்சடிக்கச் சம்மதம் வேணும்னு ஒரு வெறும் தாளை உன்கிட்ட நீட்டினேன். அந்த மனுவுக்கு அடியில இருந்தது உன் கையெழுத்து.