பெயர் இருந்த இடத்தில் ஓர் எண்

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதித் தந்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை காலை ஒரு கணவனும் மனைவியும் கணினி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் அலுவலகம் நடத்துவதாகச் சொன்னார்கள். எனக்கு அவர்களை முன்பின் தெரியாது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் "அனுமதி இல்லை" என்று வருவதாகவும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாகப் போடும்படியும் கணவர் கேட்டார். வாடிக்கையாளர் வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது, முடிந்தால் காப்பாற்றித் தாருங்கள் என்று மனைவி சொன்னார். அழித்தால் திரும்ப வராது, முதலில் பார்த்துவிடுகிறேன் என்றேன். கணவர் அரைமனதாகக் கடவுச்சொல்லைத் தந்தார்.

அதன்பிறகு கணினியின் வன்வட்டைச் சோதித்தேன், பழுதில்லை. கோப்புகளின் உரிமையாளர் யார் என்று பார்த்தபோது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 என்ற எண் மட்டும் இருந்தது. கணினியில் ஒருவருடைய பயனர் கணக்கை நீக்கிவிட்டால் அவருடைய கோப்புகளில் பெயர் போய் எண் மட்டும் நிற்கும். அவை இருந்த கோப்புறை அந்தக் கணக்குக்கு உரியவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி இருந்தது. இதில் வேறு யார் வேலை பார்த்தார்கள் என்று கேட்டேன்.

"யாருமில்லைங்க."

"உங்க தங்கச்சி பார்த்தாளே," என்றார் மனைவி.

"ஓடிப்போனவ பேச்சு இப்ப எதுக்கு?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

அதன்பிறகு கைப்பேசி அடிக்கவே அவர் வெளியே போனார். நாத்தனார் போய் மூன்று வாரமாகிறது, மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்துப் போகவில்லை, அது இல்லாமல் அவளுக்குப் படி இறங்கவே முடியாது என்று மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்.

அதன்பிறகு கோப்புறையின் உரிமையை மாற்றினேன். திறக்கிறதா என்று பார்க்கக் கடைசி ஒலிக்கோப்பை ஓட்டினேன். மூன்று வாரத்துக்கு முன் அந்தக் கணினியின் மைக்கிலேயே, நிறுத்தாமல் விட்டுப் பதிவானது அது. ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். அதன்பிறகு மூடிய அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: "அண்ணா, கதவைத் தெற. வெளையாடாத. மூச்சு முட்டுது." அதன்பிறகு கதவைத் தட்டும் சத்தம். அதன்பிறகு மைக்குக்கு மிக அருகில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு முறை தொண்டையைச் செருமினார். தட்டுவது நெடுநேரம் கேட்டது, பிறகு நின்றது. உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

மனைவி அழவில்லை. ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினார். அப்போது கடை வாசலில் அதே செருமல் இரண்டு முறை கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றபடி அவர் உள்ளே வந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். உட்காருங்க."

உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிப் போன மனைவி காவலர்களுடன் திரும்பும்வரை, அவர் என் எதிரே அசையாமல் இருந்தார். கணினியைக் காவலர்களிடம் அப்படியே ஒப்படைத்தேன். அவர்களுடைய அலுவலகத்தின் பூட்டிய பின்னறையைத் திறந்தபோது என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அன்றுமுதல் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை.

இவை யாவும் நான் கண்டதும் கேட்டதுமே. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தை எழுதிய காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒலிப்பதிவில் அந்தப் பெண் சொன்னதை மட்டும் வாய்விட்டு வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதை நானே கண்ணால் படித்துப் பார்த்து, சரி என்று கையொப்பமிடுகிறேன்.