தம்பிக்குப் போதுமான அளவு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்குப் போட்ட நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சோதிக்கும் உத்தியோகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் நான். கோணல் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

தம்பியின் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்வதற்கென்ன.

அவனுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மருந்து அலமாரியின் சாவி மூத்தவனிடம்தான் இருக்கும். அப்பா காலத்து வழக்கம். தலைவலித் தைலம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். ஆகவே நானே என் கையால் கொடுத்தேன். வேளைக்கு ஒன்று என்றிருந்தது இரண்டாயிற்று. அப்புறம் மூன்று.

மூன்றாம் முறை சீட்டை நீட்டியபோது மருந்துக்கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "என்ன சார், தம்பிக்கு மறுபடியும் டோஸ் ஏத்திட்டாங்களா? நல்லாப் பழகிடுச்சு போல." கடையில் ஏழு பேர் நின்றார்கள். எண்ணினேன். எங்கள் பரம்பரையில் காப்பிக்குக்கூட அடிமையானவர் கிடையாது.

தம்பி மகளுக்கு வெளியூரில், மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ஞாயிறுதோறும் வருவாள். அவள்தான் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"பெரியப்பா, இது கெட்ட பழக்கம் இல்ல. உங்க தராசு மாதிரின்னு வெச்சுக்குங்க. மாத்திரை ஒரு தட்டுல ஏறினா மூளை சும்மா இருக்காது. நியூரோபெப்டைடுன்னு குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள விடும். அதுல சிலது எதிர்த்தட்டுல கல்லு வைக்கும். அதனாலதான் நாமளும் ஏத்த வேண்டியிருக்கு. அப்பாவோட குணத்துல ஒரு குறையும் இல்ல."

"அப்ப நாம இறக்கினா அதுவும் இறக்கிடும்ல?"

"அவ்வளவு லேசு இல்ல பெரியப்பா. அதுக்குள்ள அவருக்கு உயிர் போற மாதிரி வலிக்கும்."

வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அதை அவள் படித்த படிப்பில் சொல்லித்தரவில்லை. தராசைச் சரிசெய்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே அளவில், அதே வெள்ளையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கிடைத்தது. மேலிருந்த எழுத்தை உப்புத்தாளால் பக்குவமாகத் தேய்த்தெடுத்தேன். முதல் வாரம் மூன்றில் ஒன்றை மாற்றினேன். அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாம் வாரம் மூன்றும் என்னுடையவை. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தான். எதிர்த்தட்டிலிருந்து கல் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அசலைக் கொடுத்தேன். பெற்ற பெண் பார்க்க வருகிறாள், கௌரவமாக உட்கார்ந்திருக்க வேண்டாமா. "இன்னைக்கு மாத்திரை நல்லாக் கேக்குதுண்ணா" என்று சிரிப்பான். மற்ற நாட்களில், "அண்ணா, நான் உனக்கு என்னண்ணா பண்ணேன், இன்னும் ஒண்ணே ஒண்ணு குடுண்ணா" என்பான். ஐம்பத்தெட்டு வயது ஆள் கெஞ்சுவது வெளியே கேட்கக் கூடாது. ஜன்னலைச் சாத்தினேன். மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தத் தலையணை உறை அவன் கடித்துக் கிழித்ததுதான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இப்படிப் பத்து வாரம். கடைசி இரண்டு நாள் அவன் எதுவும் கேட்கவில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனான் என்று மகளிடம் சொன்னேன். அவள் அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரை ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மார்ஃபின் கசக்கும். இது கசக்கல."

அவ்வளவுதான். 'பெரியப்பா' என்ற சொல் அதில் இல்லாததை நான் கவனித்தேன். மரியாதை தெரியாத பெண். பிறகு உங்களுக்கு போன் செய்தாள்.

அசல் மாத்திரைகள் எங்கே போயின என்று கேட்கிறீர்கள். நல்ல மருந்தைக் குப்பையில் கொட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு முழங்கால் வலி உண்டு. முதலில் பாதிதான் போட்டேன். அப்புறம் ஒன்று. இப்போது வேளைக்கு மூன்று. இது பழக்கம் அல்ல. அந்தப் பெண்தான் சொன்னாளே, எதிர்த்தட்டு, அதுதான். குணத்தில் ஒரு குறையும் இல்லை.

உள்ளே வரும்போது உங்கள் காவலர் என் சட்டைப்பையிலிருந்த டப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். மணி பத்தாகிவிட்டது. கை நடுங்குவதைப் பார்க்கிறீர்கள். நாற்காலி ஆடுகிறதல்லவா, அதனால்தான். அந்த டப்பியைக் கொஞ்சம் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று வேண்டாம், ஒன்றே ஒன்று போதும்.

நான் கெஞ்சவில்லை. கேட்கிறேன்.