பூக்கூடை வண்டு

சன்னிதி முருகன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் பூக்கூடை. மற்றவள் அதற்குள் ஊர்ந்த வண்டைக் குனிந்து பார்த்தாள்.

"உது என்னக்கா, சிவப்பிலை கறுப்புப் பட்டி?"

"ஒவ்வொரு நாளும் பூவோடை வரும். சாமிக்கெண்டு செடியிலை ஆயிற பூவிலை இருந்ததைக் கொல்லக்கூடாதெல்லே? எங்கடை வீட்டுத் தேனீப் பெட்டிக்கு மேலை விட்டிடுவன்."

"ஐயோ அக்கா! தேனீ வளக்கிற வகுப்பிலை உதின்ரை படம் காட்டினவை. உது பூவிலை மகரந்தம்தான் தின்னும். ஆனா உதின்ரை புழு தேனீக் குஞ்சுகளைத் திண்டுதான் வளரும்."

கூடைக்காரி கூடைக்குள் பூவை விலக்கி வண்டைப் பார்த்தாள்.

"ஒரு கிழமையாய்ப் பெட்டியிலை இரைச்சல் இல்லை."

"திறந்து பாத்தனீங்களோ?"

"இல்லை. காதை வைச்சுக் கேட்டனான். உள்ளுக்கை ஏதோ மெதுவாய்க் கடிச்சுக்கொண்டிருக்குது."

வண்டு கூடைக்காரியின் விரலில் ஏறியது. அப்போதும் அவள் அதைக் கொல்லவில்லை.