விசா வேண்டாதவர்களுக்கான அனுமதி

தனுஜன்: இல்லையக்கா, இது விசா இல்லை. விசா தேவைப்படாத ஆக்கள் ஐரோப்பாவுக்குப் போறதுக்கு எடுக்கவேண்டிய அனுமதி.

சிவாஜினி: ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?

தனுஜன்: பேர்.

சிவாஜினி: கனேடியப் பாஸ்போட்டைக் கண்டா ஒண்டும் கேக்காம விடுவாங்கள் எண்டுதானே...

தனுஜன்: இப்பவும் விடுவாங்கள். அதுக்கு முதல் எல்லாத்தையும் கேப்பாங்கள். சரி, தொழில்... கார்டெறியில, அதான் பிள்ளைக் காப்பகத்தில, பிள்ளையள் பாக்கிறது. போட்டாச்சு. அடுத்தது, தாங்கள் ஏதாவது குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கிறீர்களா?

சிவாஜினி: உன்னோட ஒரே வீட்டில இருபத்துமூண்டு வருசம்.

தனுஜன்: குற்றம் செய்திருந்தாத்தான் கணக்கு. போர் நடக்கும் பிரதேசத்துக்குச் சென்றதுண்டா?

சிவாஜினி: கர்க்லாண்ட் சித்தி வீடு சேருமோ?

தனுஜன்: அங்க இப்ப போர்நிறுத்தம். 'இல்லை' எண்டு போடுறன். முதலில் இறங்கும் நாடு... பிரான்ஸ்.

சிவாஜினி: அடிச்சிட்டியோ?

தனுஜன்: ஏன்? டனிஸ்ரன் மச்சானின்ர கலியாணம் பாரிசிலதானே?

சிவாஜினி: பாரிசிலதான்... ஆனா நோர்வே எண்டு மாத்து. அதால போனா டிக்கெற் மலிவு. ஒஸ்லோவில பிளேன் மாறுறது.

தனுஜன்: பிளேன் மாற எட்டு நாளோ?

சிவாஜினி: அடேய்! என்ர டிக்கெற்றை நீ ஏன் பாத்தனி?

தனுஜன்: டிக்கெற் எடுக்கேக்க ஆற்ற ஈமெயில் குடுத்தனி? இந்த வீட்டில எல்லாருக்கும் ஒரே ஈமெயில்தான், அது என்ரது. பெரியப்பாவின்ர சலப் பரிசோதனை முடிவே எனக்குத்தான் வந்தது.

சிவாஜினி: ஐயோ, பெரியப்பாவுக்கு என்னவாம்?

தனுஜன்: அவருக்கு ஒண்டுமில்லை. உனக்கென்ன?

சிவாஜினி: றெக்ஸ் எண்டு ஒராள். ஒஸ்லோவில இருக்கிறார்.

தனுஜன்: றெக்ஸ்... கந்தசஷ்டி பிடிக்கிற ஆளோ?

சிவாஜினி: நக்கலடியாதை. சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன் எண்டு தெரிஞ்சா அம்மா பயணத்தையே நிப்பாட்டிப்போடுவா. முதல்ல போய் அவற்ற வீட்டாக்களைப் பாப்பம், பேந்து மெல்லமா... தம்பி, உன்னைக் கும்பிடுறன், அம்மாட்டச் சொல்லிப்போடாதை.

தனுஜன்: நான் சொல்லேல்லை.

சிவாஜினி: சத்தியமா?

தனுஜன்: சத்தியமா. ஆனா நேற்று அம்மாவுக்கும் இதே படிவத்தை நிரப்பினனான்.

சிவாஜினி: அம்மாவுக்கோ! முழங்கால் நோகுது, கலியாணத்துக்கு வரேல்லை எண்டெல்லோ சொன்னவ?

தனுஜன்: கலியாணத்துக்கு வரேல்லைத்தான்.

சிவாஜினி: பேந்தெங்க போறா? தனுஜன்... சிரியாமச் சொல்லு!

தனுஜன்: தங்கும் முகவரி எண்டு கேட்டன். அறைக் கதவைச் சாத்திப்போட்டு றெக்ஸ் வீட்டு விலாசத்தைப் பாடமாச் சொன்னா. பெடியன்ர தாயோட மூண்டு மாசமாக் கதைக்கிறாவாம். 'அக்காவுக்கு மூச்சும் விட்டிடாதை, அவள் பயந்து பயணத்தை நிப்பாட்டிப்போடுவாள்' எண்டவ.